நேற்று வந்திருக்கிறார்

1980-ஆம் ஆண்டு, சின்னசேலத்தில் நான் ஏழாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்தபோது, எங்கள் ஆங்கில ஆசிரியர் வகுப்பறைக் கதவை நோக்கி மெல்ல நடந்தபடியே ‘ஐ ஆம் வாக்கிங் டு தி டோர்’ என்பார். நாங்கள் அறுபது பேரும் ஒரே குரலில் ‘யூ ஆர் வாக்கிங் டு தி டோர்’ என்போம். கதவைத் திறந்தபடி ‘ஐ ஆம் ஓப்பனிங் தி டோர்’ என்பார். திறந்து முடித்ததும் எங்கள் பக்கம் திரும்பி ‘ஐ ஹாவ் ஓப்பன்ட் தி டோர்’ என்பார். முதல் வாரத்தில் அவர் எங்களைக் கேலி செய்கிறார் என்றே நினைத்தோம். கண்ணெதிரே நடக்கிற ஒருவர் தாம் நடப்பதை நமக்கு அறிவிப்பானேன்? சின்னசேலத்தில் எவரும் அப்படிப் பேசுவதில்லை. இங்கிலாந்திலும் எவரும் பேசுவதில்லை என்பது வெகுகாலம் கழித்துத்தான் தெரிந்தது.

சில மாதங்கள் சென்று ஒரு கட்டுரைப் பயிற்சியில், ‘மை அங்கிள் ஹாஸ் கம் யெஸ்டர்டே’ என்று எழுதினேன். சிவப்பு மை அடித்தது. ஏன் தவறு என்று கேட்டேன். ‘ஹாஸ் வந்தால் யெஸ்டர்டே வராது’ என்றார். விதி சரியானதுதான். ஆனால் காரணம் இல்லாத விதி. அவருக்கும் அதைக் காரணம் இல்லாமல்தான் எவரோ கொடுத்திருக்க வேண்டும். அந்த ‘எவரோ’ யார் என்று தேடிப் போனதில் கிடைத்தவையே இக்கட்டுரை.

முதலில் நான் எழுத நினைத்த தமிழ் வாக்கியத்தைப் பார்த்துவிடலாம். ‘மாமா நேற்று வந்திருக்கிறார்.’ இதில் பிழை எதுவுமில்லை. ‘மாமா நேற்று வந்தார்’ என்பதற்கும் இதற்கும் உள்ள வேறுபாட்டைத் தமிழ் பேசும் எந்தக் குழந்தையும் உணரும். ‘வந்தார்’ என்றால் நான் பார்த்தேன். ‘வந்திருக்கிறார்’ என்றால் நான் வீட்டில் இல்லாதபோது அவர் வந்துபோனார், அது எனக்குப் பிறகு தெரியவந்தது. காலையில் எழுந்து நனைந்த வாசலைப் பார்த்ததும் ‘இரவு மழை பெய்திருக்கிறது’ என்கிறோம். மழையை நாம் பார்க்கவில்லை, அதன் தடத்தைப் பார்க்கிறோம். ‘இரு’ என்னும் துணைவினை சேர்ந்த இந்த வடிவம் காலத்தை மட்டுமல்லாமல், செய்தி நமக்கு எப்படிக் கிட்டியது என்பதையும் சொல்லிவிடுகிறது. ஆங்கில வினை இதைச் சொல்வதில்லை. அதற்குத் தனியாக ‘போலத் தெரிகிறது’ என்பது போன்ற ஒட்டு வேண்டும்.

ஆங்கிலத்தின் பிரசண்ட் பெர்ஃபெக்ட் வேறொரு வேலையைச் செய்கிறது. ஹான்ஸ் ரைக்கன்பாக் என்ற தத்துவ அறிஞர் 1947-இல் வெளியிட்ட குறியீட்டுத் தர்க்க நூலில் வினைக்காலங்களை மூன்று புள்ளிகளால் விளக்கினார்: பேசும் நேரம், செயல் நடந்த நேரம், நாம் எங்கிருந்து அதை நோக்குகிறோமோ அந்த நேரம். சாதாரண இறந்தகாலத்தில் நோக்கும் நேரம் செயலோடு சேர்ந்து பின்னே போய்விடுகிறது. பெர்ஃபெக்ட்டில் செயல் பின்னே இருக்க, நோக்கும் நேரம் பேசுபவனோடு இப்போதில் நின்றுவிடுகிறது. ‘நேற்று’ என்ற சொல் நோக்கும் நேரத்தை நேற்றுக்கு இழுக்கிறது. வினையோ அதை இன்றில் பிடித்து வைத்திருக்கிறது. இரண்டும் முட்டிக்கொள்கின்றன. என் ஆசிரியரின் விதிக்கு இதுதான் காரணம்.

இந்த முட்டல் மனித மூளைக்குப் பொதுவானதும் அல்ல. ஜெர்மானியரும் பிரெஞ்சுக்காரரும் இதே அமைப்புள்ள வினையோடு ‘நேற்று’ என்பதைத் தாராளமாகச் சேர்த்துப் பேசுகிறார்கள். ஆகவே அவர்களும் ஆங்கிலம் கற்கும்போது என் பிழையையே செய்கிறார்கள். சின்னசேலத்துப் பையனும் ஸ்டுட்கார்ட்டுப் பையனும் ஒரே பெஞ்சில் ஏறி நிற்கவேண்டியவர்கள் என்பதை அன்று எவராவது சொல்லியிருந்தால் எனக்குப் பெரிய ஆறுதலாக இருந்திருக்கும்.

ஆங்கிலத்தில் எத்தனை காலங்கள் என்ற எண்ணிக்கையே ஒரு சுவையான வரலாறு. 1653-இல் லத்தீனில் ஆங்கில இலக்கணம் எழுதிய ஜான் வாலிஸ், ஆங்கில வினைக்கு இரண்டே காலங்கள் என்றார். மற்றவை துணைவினைகளால் ஆனவை. கணித அறிஞர் என்பதால் எண்ணுவதில் சிக்கனமாக இருந்தார் போலும். 1795-இல் யார்க் நகரில் வாழ்ந்த லிண்ட்லி மர்ரே, லத்தீன் இலக்கணத்தின் அச்சில் அதை ஆறாக்கினார். பத்தொன்பதாம் நூற்றாண்டு முழுவதும் ஆங்கிலம் போன இடமெல்லாம் மர்ரேயின் இலக்கணமும் கூடவே போயிற்று. அந்நூற்றாண்டின் இறுதியில், இந்தியாவில் கல்வித்துறையில் பணியாற்றிய ஜே.சி. நெஸ்ஃபீல்ட், மூன்று காலங்களை நான்கு வடிவங்களால் பெருக்கிப் பன்னிரண்டு என்ற அட்டவணையை இந்தியப் பள்ளிகளில் நிலைநாட்டினார். அதையே 1930களில் ரென்னும் மார்ட்டினும் எடுத்துக்கொண்டார்கள். (அந்த ரென், 1924-இல் ‘போ ஜெஸ்ட்’ என்ற பிரெஞ்சு அந்நியப்படைச் சாகச நாவலை எழுதிப் பெரும்புகழ் பெற்றவர். நம் மாணவர்களில் பெரும்பாலோருக்கு அவர் தொட்டதில் சாகசமற்ற நூல் மட்டும்தான் கிடைத்தது.)

பன்னிரண்டு என்ற எண் நம் ஊரில் உடனே வேரூன்றியதற்கு அது வாய்பாடாக இருந்ததே காரணம் என்பது என் எண்ணம். மூநான்கு பன்னிரண்டு. நிகண்டையும் எண்சுவடியையும் ஒப்பித்துப் பழகிய திண்ணைப் பள்ளி மரபுக்கு அது அந்நியமாகவே தெரிந்திருக்காது. பொருள் புரியாவிட்டாலும் ஒப்பிக்க முடிந்தது.

சிக்கல் எங்கே வந்ததென்றால், அந்த அட்டவணையின் பெயர்களை நம் இலக்கணத்தின் பெயர்களால் மொழிபெயர்த்தபோது. பிரசண்ட் என்றால் நிகழ்காலம், ஃப்யூச்சர் என்றால் எதிர்காலம் என்று சொல்லிக் கொடுத்தார்கள். ஆனால் சின்னசேலத்திலிருந்து வடமேற்கே பார்த்தால் தெரிகிற கல்வராயன் மலையைப் பற்றி ஒரு வாக்கியம் சொல்லிப் பாருங்கள். மலை எப்போதும் நிற்பது. அதை ‘மலை நிற்கிறது’ என்றால் நேற்று வேறெங்கோ இருந்தது போலத் தொனிக்கும். மூன்று காலத்துக்கும் பொதுவான இயற்கையைச் சொல்ல ‘செய்யும்’ என்னும் வாய்பாட்டையே தொல்காப்பியர் விதிக்கிறார். மலை நிற்கும், தீச் சுடும் என்று உரையாசிரியர்கள் எடுத்துக்காட்டுவார்கள். இன்றைய பேச்சில் எதிர்காலம் என்று பெயர் பெற்றிருக்கும் அந்த ‘உம்’ வடிவம்தான் ஆங்கிலத்தின் சிம்பிள் பிரசண்ட் செய்யும் வேலையைச் செய்கிறது. ‘அவன் பால் குடிப்பான்’ என்று வழக்கத்தைச் சொல்கிறோம். ஆங்கிலத்தில் அது நிகழ்காலம். ‘எனக்குத் தெரியும்’ என்கிறோம். அதுவும் அங்கே நிகழ்காலம். மறுபுறம், வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டு ‘வருகிறேன்’ என்று சொல்லிவிட்டுப் போகிறோம். வடிவம் நிகழ்காலம்; நடப்பதோ போவது; பொருளோ திரும்பி வருவேன் என்ற எதிர்காலம்.

சங்கப் பாடல்களில் கிறு, கின்று என்னும் நிகழ்கால இடைநிலைகள் ஏறக்குறைய இல்லை என்பதையும் இங்கே நினைக்கலாம். சிலப்பதிகாரத்திலும் பக்தி இலக்கியத்திலும்தான் அவை பெருகிவருகின்றன. நன்னூல் காலத்தில் அவை இலக்கணத்தில் இடம்பெற்றுவிட்டன. அதாவது ‘நிகழ்காலம்’ என்ற பெயர் பழையது, அதற்கென்று தனி உருபு பிற்பாடு வந்தது. நன்னூலாரும் காலத்தைக் கறாராகப் பிடித்துக்கொண்டு உட்காரவில்லை. விரைவிலும் மிகுதியிலும் தெளிவிலும் ஒரு காலம் இன்னொன்றாக மயங்கலாம் என்கிறார். எறும்பு முட்டையைத் தூக்கிக்கொண்டு மேட்டில் ஏறுவதைக் கண்டு, பெய்யப்போகும் மழையைப் ‘பெய்தது’ என்று சொல்வது தெளிவால் வந்த மயக்கம் என்பது உரைமரபு. சாப்பிட உட்காராமலேயே ‘இதோ வந்துவிட்டேன்’ என்று உள்ளிருந்து குரல் கொடுக்கும் நம் எல்லோருக்கும் பவணந்தியார் அனுமதிச்சீட்டு எழுதிக் கொடுத்திருக்கிறார்.

இந்த இரண்டு மரபுகளையும் ஒருசேர அறிந்த மனிதர்கள் நம்மிடம் இல்லாமல் போகவில்லை. யாழ்ப்பாணம் வட்டுக்கோட்டையில் அமெரிக்க மிஷனரிகள் 1823-இல் தொடங்கிய செமினரியில் படித்த சி.வை. தாமோதரம் பிள்ளை, சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் பட்டதாரிகள் இருவரில் ஒருவரானார். அவரே 1868-இல் தொல்காப்பியச் சொல்லதிகாரத்தைச் சேனாவரையர் உரையோடு அச்சேற்றினார். வினையியல் அதில்தான் இருக்கிறது. ஆங்கிலத்தின் ஆறு காலங்களும் தொல்காப்பியரின் மூன்று காலங்களும் ஒரே தலைக்குள் இருந்திருக்கின்றன. ஆனால் ஒன்றைக்கொண்டு மற்றொன்றை விளக்கும் ஒரு பள்ளிப்பாட மரபு அங்கிருந்து கிளைக்கவில்லை. ஆங்கில வகுப்பும் தமிழ் வகுப்பும் ஒரே கட்டடத்தில் ஒன்றையொன்று அறியாமல் நடந்தன. இன்றும் அப்படித்தான் நடக்கின்றன.

எதிர்த்திசையில் இந்த முயற்சி நடந்தது என்பதுதான் வேடிக்கை. பதினாறாம் நூற்றாண்டின் நடுவில் மீனவர் கடற்கரையில் தமிழ் கற்ற அன்றிக்கே அடிகளார் (ஹென்ரிக்கே ஹென்ரிக்கஸ்) போர்த்துகீசிய மொழியில் எழுதிய தமிழ் இலக்கணத்திலும், 1716-இல் ஜெர்மனியின் ஹாலே நகரில் அச்சான சீகன்பால்குவின் லத்தீன் நூலிலும், தமிழ் வினையை லத்தீன் கட்டங்களுக்குள் அடைக்கும் பாடு தெரிகிறது. அவர்களும் மாணவர்களே. நம் மொழியின் முன் திகைத்து, தம் மொழியின் அட்டவணையைத் துணைக்கு அழைத்தார்கள். ஆனால் அவர்கள் தவறாகப் பேசியபோது எவரும் அவர்களைப் பெஞ்சின்மேல் ஏற்றவில்லை.

இனி கதவை நோக்கி நடந்த ஆசிரியருக்கு வருவோம். அவர் ஏன் நடந்தார்?

நெஸ்ஃபீல்ட் வகை ஒப்புவித்தலுக்கு எதிராக எழுந்த சீர்திருத்தத்தின் கடைசிக் கண்ணி அவர். வங்காளத்தில் பணியாற்றிய மைக்கேல் வெஸ்ட், ஜப்பானில் பணியாற்றிய ஹெரால்ட் பாமரும் ஹார்ன்பியும், இரண்டு உலகப்போர்களுக்கும் இடைப்பட்ட காலத்தில் சொற்களையும் வாக்கிய அமைப்புகளையும் எளிமையிலிருந்து கடினத்துக்கு வரிசைப்படுத்தும் வேலையைச் செய்தார்கள். அதன் வழிவந்ததே 1950களில் சென்னை மாநிலத்தில் புகுந்த ஸ்ட்ரக்சுரல் பாடத்திட்டம். விதியைச் சொல்லாதே, காட்சியைக் காட்டு. ஒரு நேரத்தில் ஒரே அமைப்பு. வாயால் பழகிய பிறகே எழுத்து. இந்தத் திட்டத்தில் ‘இங்’ வடிவம் சிம்பிள் பிரசண்டுக்கு முன்னால் வந்தது. காரணம் எளிது: அதை வகுப்பறையில் நடித்துக்காட்ட முடியும். ‘தீச் சுடும்’ என்பதை நடித்துக்காட்ட முடியாது. மொழியில் எது அடிப்படை என்பது பின்னுக்குப் போய், எதை மேடையேற்றலாம் என்பது பாடவரிசையைத் தீர்மானித்தது.

இதற்கு ஒரு விலை இருந்தது. ‘ஐ ஆம் நோயிங்’, ‘ஐ ஆம் ஹாவிங்’ என்று இந்தியர் எல்லா வினைக்கும் ‘இங்’ ஒட்டுவதை நிஸிம் எஸகியேல் தம் கவிதையில் நகையாடி அழியாப் புகழ் தந்துவிட்டார். அதைத் தாய்மொழியின் குற்றம் என்பார்கள். தமிழைப் பொறுத்தவரை இது பொருந்தாது. ‘எனக்குத் தெரிந்துகொண்டிருக்கிறது’ என்று எந்தத் தமிழனும் சொல்வதில்லை. கற்பிக்கும் முறையே ஒரு வடிவத்தை அளவுக்கு மீறிப் பதியவைத்துப் பிழையை உண்டாக்கலாம் என்று ஜாக் ரிச்சர்ட்ஸ் 1971-இல் ஒரு கட்டுரையில் வாதிட்டார். முழுக் காரணமும் அதுவல்ல. இந்த வழக்கு ஸ்ட்ரக்சுரல் பாடத்திட்டத்துக்கு முந்தியது. ஆனாலும் எங்கள் ஊர்க் கதவுக்கு அதில் ஒரு பங்கு உண்டு என்று நம்புகிறேன். பெர்ஃபெக்ட்டுக்கும் அதேதான் நேர்ந்தது. கதவைத் திறந்து முடித்தவுடன் சொல்லப்பட்டதால் ‘ஹாவ் ஓப்பன்ட்’ என்றால் ‘திறந்துவிட்டேன்’, அதாவது இப்போதுதான் முடிந்தது, என்று மட்டும் எங்கள் மனத்தில் படிந்தது. ‘பத்து வருஷமாக இங்கே இருக்கிறேன்’ என்று நாம் நிகழ்காலத்தில் சொல்வதற்கும் அங்கே பெர்ஃபெக்ட்தான் என்பது எந்த நடிப்பிலும் சிக்கவில்லை.

இந்த முறை சின்னசேலம்வரை வந்த வழி விசித்திரமானது. 1950களின் இறுதியில் பிரிட்டிஷ் கவுன்சிலின் துணையோடு சென்னை மாநிலத்தில் ஒரு பெரிய மறுபயிற்சி இயக்கம் தொடங்கியது. டி.ஏ. ஸ்மித் 1962-இல் அதைப்பற்றி எழுதிய கட்டுரையின் தலைப்பே அதை ‘சென்னைப் பனிப்பந்து’ என்கிறது. தொடக்க நிலையில் ஆங்கிலம் கற்பிக்கும் 27,000 ஆசிரியர்களை மாற்றிப் பயிற்றுவிக்கும் முயற்சி என்று துணைத்தலைப்பு. சிலரைப் பயிற்றுவித்து, அவர்கள் பலரைப் பயிற்றுவித்து, அந்தப் பலர் ஊர் ஊராகப் போய் இன்னும் பலரைப் பயிற்றுவிக்க, உருள உருளப் பந்து பெருக்கும் என்பது கணக்கு. தென்னார்க்காட்டு வெயிலில் பனிப்பந்துக்கு என்ன ஆகும் என்பதை எவரும் யோசித்ததாகத் தெரியவில்லை. ஒவ்வொரு கைமாறலிலும் காரணம் உருகிக் கரைந்து, செய்கை மட்டும் மிஞ்சியது. எங்கள் ஆசிரியரை வந்தடைந்தது கதவும் நடையும்தான். அவரைக் குறைசொல்ல எனக்கு மனமில்லை. தமக்குக் கிடைத்ததை முழு உடலாலும் எங்களுக்குக் கொடுத்தார்.

நான் சிவப்பு மை வாங்கிக்கொண்டிருந்த அதே ஆண்டுகளில், எங்கள் மாவட்டத் தலைநகரிலேயே வேறொன்று நடந்துகொண்டிருந்தது. அப்போது கள்ளக்குறிச்சியும் சின்னசேலமும் தென்னார்க்காடு மாவட்டத்தில் இருந்தன. விழுப்புரம் பிரிந்தது 1993-இல், கள்ளக்குறிச்சி தனி மாவட்டமானது 2019-இல். சின்னசேலம் ரயில் நிலையத்தில் ஏறினால் விருத்தாசலம் வழியாகக் கடலூர் போய்விடலாம். அந்தக் கடலூரில் ஒரு பள்ளியில், ஆங்கில இலக்கணத்தையே சொல்லிக்கொடுக்காமல் ஆங்கிலம் கற்பிக்கும் வகுப்பு நடந்தது.

அதை வகுத்தவர் என்.எஸ். பிரபு, சென்னை பிரிட்டிஷ் கவுன்சிலில் பணியாற்றியவர். 1979 முதல் 1984 வரை, பெங்களூர், சென்னை, கடலூர், தலைச்சேரி ஆகிய ஊர்களின் சில பள்ளிகளில் இச்சோதனை நடந்தது. பெங்களூரிலிருந்த வட்டார ஆங்கிலக் கல்வி நிறுவனம் அதற்குத் துணைநின்றது. ஸ்ட்ரக்சுரல் முறையில் பயின்றவர்கள் வகுப்பில் பிழையின்றிச் சொல்லிவிட்டு, வெளியே போனதும் அதே அமைப்பில் பிழைசெய்கிறார்கள் என்பதிலிருந்து பிரபு தொடங்கினார். மொழியின் வடிவத்தில் கவனம் இருக்கும்போது வடிவம் வசப்படுவதில்லை. பொருளில் மூழ்கியிருக்கும்போது மனம் தன்னறியாமல் அதைக் கட்டிக்கொள்கிறது என்பது அவர் துணிபு.

ஆகவே அவர் வகுப்பில் காலம் என்ற சொல்லே வராது. ரயில் கால அட்டவணை ஒன்று கரும்பலகையில் எழுதப்படும். இந்த வண்டியை விட்டால் அடுத்தது எப்போது, அது அந்த ஊருக்கு எத்தனை மணிக்குப் போகும், அங்கே இணைப்பு வண்டி கிடைக்குமா? ஆசிரியர் முதலில் வகுப்பு முழுவதோடும் ஒன்றைச் செய்துகாட்டுவார். பிறகு அதுபோன்ற இன்னொன்றை மாணவர் தனியே செய்ய வேண்டும். வகுப்பில் பாதிப்பேராவது பணியில் பாதியையாவது சரியாகச் செய்தால் அது தகுந்த அளவு கடினம் என்று கொள்ளப்படும். வரைபடம், கணக்கு, வழிகாட்டல் என்று பணிகள் நீளும். சாக்குக்கட்டியும் பலகையும் தவிரக் கருவிகள் இல்லை. மாணவர்கள் தங்களுக்குள் தமிழில் பேசிக்கொள்வதைத் தடுப்பதில்லை. பிழை வந்தால் ஆசிரியர் பேச்சோடு பேச்சாகச் சரியான வடிவத்தைச் சொல்லிக் கடந்துவிடுவார், தாய் குழந்தையிடம் செய்வதுபோல. பிற்காலத்தில் இத்தகைய வகுப்புகளின் அடையாளமாகவே ஆகிவிட்ட குழுவேலையை பிரபு வேண்டுமென்றே தவிர்த்தார். மாணவர்கள் ஒருவரின் அரைகுறை ஆங்கிலத்தை மற்றவர் கேட்டு அதிலேயே உறைந்துவிடுவார்கள் என்று அஞ்சினார்.

சின்னசேலம் வழியே போகும் வண்டிகளின் நேரத்தை எங்கள் வகுப்பில் பாதிப்பேர் மனப்பாடமாக வைத்திருந்தோம். எங்களிடம் எவரும் அதைக் கேட்கவில்லை.

1984-இல் எடின்பரோவைச் சேர்ந்த அலன் பெரெட்டாவும் அலன் டேவிஸும் இந்த வகுப்புகளை வழக்கமான வகுப்புகளோடு ஒப்பிட்டுச் சோதித்தார்கள். தேர்வுகள் ஐந்து. அமைப்புகளைத் தனியே நிரப்பும் தேர்வில் வழக்கமான வகுப்புகளின் கை ஓங்கியது. பணிசார்ந்த தேர்வில் சோதனை வகுப்புகள் முந்தின. இவ்விரண்டும் எதிர்பார்த்ததே, அவரவர் பயின்றதில் அவரவர் தேர்ந்தார்கள். மற்ற மூன்றில், சூழலுக்குள் இலக்கணம், சொல்வதெழுதல், கேட்டும் படித்தும் பொருளுணர்தல் ஆகியவற்றில், பொதுவாகச் சோதனை வகுப்புகளே மேலாக நின்றன. இலக்கணமே கற்காதவர்கள் சூழலுக்குள் வைத்துக் கேட்டபோது இலக்கணத்தைச் சரியாகக் கையாண்டார்கள் என்பது சிறிய செய்தியல்ல. ஆனால் ஆய்வாளர்கள் மிகுந்த தயக்கத்தோடுதான் முடிவைச் சொன்னார்கள். வகுப்புகள் ஏற்கெனவே இருந்தவை, சமமாகப் பிரித்து அமைத்தவை அல்ல. சோதனை வகுப்புகளை நடத்தியவர்களில் பலர் வெளியிலிருந்து வந்த தேர்ந்த பயிற்சியாளர்கள். பள்ளியின் சொந்த ஆசிரியர்களுக்கு இம்முறை கடினமாகவே இருந்தது என்று பெரெட்டா பின்னர் எழுதினார். தயங்காமல் ஆங்கிலம் பேச வராத ஆசிரியருக்குக் கதவை நோக்கி நடப்பது ஒரு பாதுகாப்பு. நாற்பது நிமிடம் ரயில் வண்டிகளைப் பற்றி ஆங்கிலத்தில் உரையாடு என்றால் அந்தப் பாதுகாப்பு போய்விடும்.

பிரபு 1987-இல் தம் நூலை ஆக்ஸ்ஃபோர்டு வழியாக வெளியிட்டார். சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தில் பணியாற்றினார். பணிவழிக் கற்பித்தல் என்று உலகெங்கும் இன்று வழங்கும் முறையைப் பற்றிய நூல்கள் பெரும்பாலும் அவரிடமிருந்தே தொடங்குகின்றன. அந்த அத்தியாயத்துக்கு ‘பெங்களூர்த் திட்டம்’ என்று பெயர். கடலூரும் தலைச்சேரியும் அந்தப் பெயருக்குள் மறைந்துவிட்டன. 1984-க்குப் பிறகு வந்த தமிழ்நாட்டுப் பாடநூல்களில் பன்னிரண்டு கட்ட அட்டவணை திரும்பத் திரும்ப வந்துகொண்டே இருந்தது. எஸ்.எஸ்.எல்.சி.யில் ஆங்கிலத்தில் மட்டும் தவறி, அதோடு படிப்பை நிறுத்திவிட்டு அரிசி ஆலைக்கும் மரவள்ளிக் காட்டுக்கும் போனவர்கள் எங்கள் வகுப்பிலேயே உண்டு. அவர்களில் ஒருவன் ரயில் நேரங்களை எங்களிலெல்லாம் துல்லியமாகச் சொல்பவன்.

அண்மையில் ஊருக்குப் போனபோது, கல்வராயன் மலையிலுள்ள உண்டு உறைவிடப் பள்ளி ஒன்றில் ஆங்கிலம் கற்பிக்கும் ஓர் இளம் ஆசிரியையிடம் இதையெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, தம் வகுப்புப் பெண் ஒருத்தி அன்று காலை எழுதியதைக் காட்டினார். முந்தின நாள் இரவு யாரும் பார்க்காதபோது பலாமரத்துக்குக் கரடி வந்துபோனதைப் பற்றிய நாலு வரி. ‘எ பேர் ஹாஸ் கம் யெஸ்டர்டே நைட்’ என்று தொடங்கியது. ஆசிரியை இன்னும் திருத்தியிருக்கவில்லை. ‘கரடியை நீ பார்த்தாயா?’ என்று மட்டும் அவளிடம் கேட்டாராம். ‘இல்லை டீச்சர், கால்தடம் இருந்தது’ என்றாளாம்.